டார்ச் அண்ணன் போடும் முத்திரை

பழைய ஆம்ப், அதாவது கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்குகிற பெட்டி, விலைக்கு வந்தால், டார்ச் அண்ணன் அதன் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, முதலில் மோந்து பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு, மூக்கைக் காற்றோட்ட ஓட்டைகளுக்கு நெருக்கமாக வைத்து ஒரு இழுப்பு. கருகல் வாசனை வந்தால் உள்ளே எப்போதோ எரிந்திருக்கிறது. வாசனையே வராவிட்டால் இன்னும் மோசம், எரிந்ததை யாரோ துடைத்திருக்கிறார்கள். விற்கிறவர் பக்கத்தில் நின்று, "ரொம்ப யூஸ் பண்ணலீங்க, வீட்லயே சும்மாதான் இருந்துச்சு" என்பார். இவர் தலையைத் திருப்பாமலே, "சும்மா இருந்த ஆம்புக்கு முன்பக்கம் ஏன் சார் இவ்வளவு தேய்ஞ்சிருக்கு?" என்று கேட்பார். போன மாதம் ஒரு பல் டாக்டர் வீட்டில் தேய்மானமும் இல்லை, தூசியும் இல்லை. அங்கே கேள்வி வேறு மாதிரி வந்தது. "இவ்வளவு சுத்தமா இருக்கே, எதைத் துடைச்சீங்க?" இருபது வருஷமாக அடுத்தவர் வாயைத் திறந்து விளக்குப் பிடித்துப் பார்க்கிற டாக்டர், தன் வீட்டுக் கூடத்திலேயே ஒரு மனிதர் வந்து தனக்கு அப்படிச் செய்வார் என்று நினைத்திருக்க மாட்டார். பாவம், டீ கொடுக்கவும் மறந்துபோனார்.

மோந்து முடித்ததும் சட்டைப்பையிலிருந்து டார்ச் வெளியே வரும். சுண்டுவிரல் நீளம்தான், எஃகு உடம்பு, பேனா போலக் குத்திக்கொள்ள ஒரு கிளிப். இந்த டார்ச்சால்தான் அவருக்கு அந்தப் பெயர். பழைய பேஸ் கிட்டாரும் ஆம்பும் வாங்கி விற்கிற வட்டத்தில் டார்ச் அண்ணன் என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால் யாரது என்று கேட்பார்கள். டார்ச்சை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. வீட்டில் மின்சாரம் போய் எல்லோரும் தடவிக்கொண்டிருந்த நாளில்கூட, மனைவி கேட்டதற்கு, "எங்க காட்டணும்னு சொல்லு, நான் காட்டறேன்" என்றுதான் சொன்னார்.

கிட்டார் பார்க்கப் போகும்போது கேபிளையும் கையோடு கொண்டுபோவார். விற்கிறவர் கொடுக்கும் கேபிளில் சத்தத்தை அழகாக்க ஏதாவது வேலை செய்திருப்பார்கள் என்று ஒரு எண்ணம். அப்படி ஒரு வேலை கிடையாது என்று கடைக்காரர் ஒருவர் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறார். "உங்களுக்குத் தெரிஞ்சவரைக்கும் கிடையாது" என்பது இவர் பதில். ஆம்பில் சொருகியபின் பாட்டு எதுவும் வாசிக்க மாட்டார். நான்கு கம்பிகளில் தடித்ததை ஒரே ஒரு தடவை தட்டிவிட்டு, சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அடுத்த அறையில் யாராவது பாத்திரத்தை நகர்த்தினால் கையை உயர்த்திக் கண்டிப்பார். அது அடுத்தவர் வீடு என்பது அப்போது அவருக்கு நினைவிருக்காது.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கேள்வி வைத்திருக்கிறார். "ஏன் விக்கிறீங்க?" செருப்பைக் கழற்றும்போது ஒரு தடவை கேட்பார். பாதியில், ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே, மறந்துபோன மாதிரி இன்னொரு தடவை. கிளம்பும்போது விற்கிறவரின் மனைவியிடமோ அண்ணனிடமோ மூன்றாவது தடவை. மூன்று பதிலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் பொய். அப்படியே ஒத்துப்போனால் மனப்பாடம்.

இப்படிப்பட்டவருக்குக் கடவுள் கொடுத்த வேலையும் பொருத்தமாகவே அமைந்தது. கடைகளில் இருக்கும் தராசுகளும் எடை எந்திரங்களும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து முத்திரை வைக்கிற அரசாங்க ஆய்வாளர். பித்தளை எடைக்கற்கள் மெத்தைத் துணி விரித்த பெட்டியில் அளவு வாரியாக உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குள் நுழைந்தால், அதுவரை சத்தம் போட்ட வியாபாரிகள் சட்டென்று நல்ல பிள்ளைகளாகிவிடுவார்கள். அவர்கள் தரும் டீயைக் குடிக்க மாட்டார், வாழைப்பழம் கொடுத்தால் அதையும் தராசில் வைத்துப் பார்ப்பார் என்று ஒரு கதை உண்டு. முப்பது வருஷ வேலையில் கைசுத்தம். அதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

முத்திரை வைக்கிற பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர் சோதித்துச் சரி என்று ஒப்புக்கொண்ட பொருளில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம், அதன் நடுவே குறுக்காக ஒரு கோடு, கீழே வருஷம் போட்டுவைப்பார். வீட்டு அடுப்பின் அடியில் அது இருக்கிறது. மனைவியின் தையல் எந்திரத்தில் இருக்கிறது. வாரம் விட்டு வாரம் அவர் பேஸ் வாசிக்கிற பிரார்த்தனைக் கூடத்து ஆம்பின் முதுகிலும், எல்லோரும் பார்க்கிற மாதிரி இருக்கிறது. வாங்கிய ஒவ்வொரு கிட்டாரிலும் இருக்கிறது, ஆனால் வெளியே தெரியாது. பேஸ் கிட்டாரின் நீளமான கழுத்து, உடம்பில் நான்கு ஸ்க்ரூவால்தான் நிற்கும். கழுத்தைக் கழற்றினால் அது உட்கார்ந்திருந்த பள்ளத்தில் பெயின்ட் படாத மரம் தெரியும். அங்கே போடுவார். எப்போதாவது திருட்டுப் போனால் தன்னுடையது என்று நிரூபிக்க வேண்டுமே.

பிரார்த்தனைக் கூடத்தில் அவர் வாசிப்பதைக் கேட்டால், சந்தேகப் பிராணி என்று சொல்ல மாட்டீர்கள். பேஸ் என்பது முன்னால் வந்து நிற்கிற வாத்தியம் இல்லை. ஓடுகிற மின்விசிறிச் சத்தம் மாதிரி, நின்றால்தான் இவ்வளவு நேரம் இருந்தது தெரியும். பாடுகிறவர்கள் தடுமாறினால் விரலை ஒரு நொடி தாமதித்து அவர்களைச் சேர்த்துக்கொள்வார். வாசிக்கும்போது முகம் குழந்தை முகமாகிவிடும். அதோடு சரி. ஜெபம் ஆரம்பித்தால் ஒரு கண் மூடியிருக்கும், ஒரு கண் ஆம்ப் மேல் இருக்கும்.

வீட்டில் பிள்ளைகள் படித்துவிட்டு வெளியூர் போனதில் காலியான அறை இப்போது கிட்டார்கள் தூங்குகிற அறை. ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும் என்பது மனைவி போட்ட சட்டம். அந்த அம்மா நல்ல தையல்காரர், வாயும் ஊசிதான். "நல்லவேளை, எங்கப்பா என்னை ஸ்க்ரூ போட்டுக் குடுக்கல. குடுத்திருந்தா மனுஷன் அன்னிக்கே கழத்திப் பாத்திருப்பாரு" என்று அளவெடுக்க வருகிற பெண்களிடம் சொல்லிச் சிரிப்பார். உள்ளே இருந்து அவரும் சிரிக்கிற சத்தம் கேட்கும்.

சட்டப்படி ஒன்று வெளியே போகிற நாளில்தான் அவர் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார்.

கம்பிகளுக்குக் கீழே, சீப்பு அளவுக்குக் கறுப்பாக ஒரு கட்டி பதித்திருக்கும். உள்ளே காந்தமும் தலைமுடி போன்ற செம்புக் கம்பிச் சுருளும். பிக்கப் என்பார்கள். கம்பி அதிர்வதைப் பிடித்து ஆம்புக்கு அனுப்புவது அதுதான். அதுதான் கிட்டாரின் தொண்டை. விற்கப்போகிற கிட்டாரில் நல்ல பிக்கப் இருந்தால் அதைக் கழற்றி எடுத்துவிட்டு, பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் மலிவான ஒன்றைப் பொருத்துவார். சத்தத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. இருக்கிற வித்தியாசம் நூற்றில் ஒரு காதுக்குத்தான் கேட்கும். கழற்றியதைத் துணியில் சுற்றி, வருஷம் எழுதிய சீட்டு கட்டி, ஒரு பிஸ்கட் டப்பாவில் வைப்பார். என்றைக்காவது ஒரு நாள் நல்லதை எல்லாம் ஒரே கிட்டாரில் சேர்த்து, உலகத்தில் யாரும் குறை சொல்ல முடியாத ஒன்றைச் செய்ய வேண்டும் என்று ஆசை. அந்த நாள் வரவில்லை. டப்பா நிரம்பி இரண்டாவது டப்பா ஆரம்பித்துவிட்டது. எல்லாம் பத்திரமாக இருந்தன. ஒன்றும் பாடவில்லை.

இது தப்பில்லையா என்று ஒரே ஒரு தடவை, மிகவும் வேண்டிய ஒரு நண்பர் கேட்டார். டார்ச் அண்ணன் யோசிக்கவே இல்லை. "நான் பொய் சொன்னேனா? மாத்தியிருக்கான்னு கேட்டா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கலியே" என்றார். அவரைப் போல் ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்க்கிற ஆள் அவரிடம் வாங்க வந்ததில்லை. வந்தவர்கள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்து நம்பினார்கள். நம்புகிறவர்களைப் பார்த்தால் அவருக்கு ஒரு மாதிரி பயமாகவே இருக்கும்.

கூடத்துக்கென்று சொந்தமாக ஒரு பேஸ் கிட்டார் வாங்கலாம் என்று இந்த வருஷம் முடிவானது. அதுவரை வாசிக்கிறவர்கள் அவரவர் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு வாரம் டார்ச் அண்ணன் வாசித்தால் மறுவாரம் வேன்கார அம்மா வாசிப்பார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், நாற்பது தாண்டியவர். அதிகம் பேச மாட்டார். கூடத்துச் சாவி அவரிடம்தான் ஒன்பது வருஷமாக இருந்தது. பாட்டுப் பயிற்சிக்கு முதல் ஆளாக வந்து திறப்பதும், கடைசி ஆளாகப் பூட்டிப் போவதும் அவர்தான். தோள்பட்டையில் வலி வந்து, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், தன் கிட்டாரையே கூடத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றார். விலை சொல்லவில்லை. கூடம் பார்த்துக் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறேன், கொடுக்காவிட்டாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை அதன் சத்தத்தைக் கேட்டால் போதும் என்றார்.

கூடத்தின் பொறுப்பாளர் ஒரு கைக்கடிகாரம் ரிப்பேர்காரர், நிதானமானவர். எதற்கும் ஒரு வார்த்தை டார்ச் அண்ணன் பார்த்துச் சொல்லட்டும் என்றார். டார்ச் அண்ணனுக்கு அதற்குள்ளேயே மூக்கில் வியர்த்திருந்தது. விலை சொல்லாமல் விற்கிறவரை அவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

சனிக்கிழமை மதியம், பயிற்சிக்கு முன்னால், பழைய வேன் சீட் உறையில் தைத்த பையிலிருந்து கிட்டார் மேஜைக்கு வந்தது. கடல் நீலப் பெயின்ட், வலது ஓரத்தில் தேய்ந்து வெளுத்திருந்தது. டார்ச் அண்ணன் கேட்டார், ஏன் விக்கிறீங்க. தோள் வலி என்றார் அந்த அம்மா. கால் மணி நேரம் கழித்து மறுபடி கேட்டார். தோள் வலிதான் அண்ணே என்றார். அதே வார்த்தை. பிக்கப்பைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்களைக் கழற்றி, அதை மெதுவாகத் தூக்கி, அடியில் டார்ச் அடித்தார். பொறுப்பாளரும், டிரம்ஸ் அடிக்கிற பேக்கரிக்காரரும், பாடுகிற இரண்டு சகோதரிகளும் சுற்றி நின்றார்கள்.

"மாத்தியிருக்கும்மா."

"எதை அண்ணே?"

"பிக்கப்பை. வெளியில இருக்கற கம்பெனிப் பேரு வேற, உள்ள இருக்கற சரக்கு வேற. பாருங்க, ஒயரு கூட பிளாஸ்டிக் ஒயரு." டார்ச் வெளிச்சத்தை ஓர் இடத்தில் நிறுத்தினார். "ஆனா செஞ்சவன் கைகாரன்தான். முனையை ரெண்டு சுத்து சுத்தி, இடது பக்கமா மடிச்சு ஈயம் வச்சிருக்கான். தெரிஞ்சவன் செஞ்ச வேலை."

"நான் வாங்கி பதினோரு வருஷம் ஆச்சு. இதுல ஸ்க்ரூடிரைவரே பட்டதில்ல அண்ணே."

"எல்லாரும் அப்படித்தான்ம்மா சொல்லுவாங்க."

கடுமையாகச் சொல்லவில்லை. சந்தையில் எடை குறைகிற தராசுக்காரரிடம் சொல்கிற அதே சாந்தமான குரல். அந்த அம்மாவின் முகம் சுண்டிப்போனது. அப்போது பேக்கரிக்காரர், "அப்ப உள்ள இருந்த நல்லது எங்கயோ போயிருக்கு இல்ல?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. மனதில் பட்டதை மாவு மாதிரி உடனே கொட்டிவிடுகிற ஆள்.

வேன்கார அம்மா சண்டை போடவில்லை. காலியான பையை மடித்தார். மறுபடி பிரித்து மடித்தார். "எடுத்துட்டுப் போங்கண்ணே. வீட்ல வச்சு நல்லாத் தேடுங்க. நான் இன்னும் என்னென்ன மாத்தினேன்னு கண்டுபிடிச்சு, வந்து எல்லாருக்கும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அன்று பயிற்சி நடக்கவில்லை. சாமான்களை எடுத்துவைக்கும்போது பேக்கரிக்காரர் கேபிள்களை எண்ணினார். இத்தனை வருஷத்தில் அங்கே யாரும் எண்ணியதில்லை. "ஏழு இருந்துச்சே, ஆறுதான இருக்கு" என்றார். ஏழாவது ஆம்புக்குப் பின்னாலேயே விழுந்து கிடந்தது. ஆனால் அதைக் குனிந்து எடுப்பதற்குள் எல்லோரும் வாசலைப் பார்த்துவிட்டார்கள். பூட்டுவதற்காகத் திரும்பி வந்த வேன்கார அம்மா அங்கே நின்றுகொண்டிருந்தார், கையில் சாவியோடு.

"நான் பூட்டட்டுமா, நீங்களே பூட்டிக்கிறீங்களா?" என்று கேட்டார். பேக்கரிக்காரர் குனிந்து ஏழாவது கேபிளைச் சுருட்ட ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக்கு அவர் வரவில்லை. டார்ச் அண்ணன் தன் கிட்டாரை வாசித்தார், நன்றாகவே வாசித்தார். மதியம் சாப்பிட்டதும் அறையில் நீலக் கிட்டாரை மேஜையில் குப்புறப் போட்டார். ஒரு பாகத்தை மாற்றியவர்கள் இன்னொன்றையும் மாற்றியிருப்பார்கள், கழுத்தும் வேறாக இருக்கலாம் என்று தோன்றியது. நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி, கழுத்தைத் தூக்கி வைத்துவிட்டு, பள்ளத்தில் டார்ச் அடித்தார்.

பென்சில் வட்டம். நடுவே குறுக்குக் கோடு. கீழே, பதினாறு வருஷத்துக்கு முந்தைய ஒரு வருஷம்.

டார்ச்சை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். வட்டம் போகவில்லை. அந்த நாளில் இது கறுப்பாக இருந்தது. கப்பல் வேலைக்குப் போகிற ஒருவர், ஸ்க்ரூவைத் தொடாமல், கேள்வி கேட்காமல், இவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வாங்கிப் போனார். அவரிடமிருந்து யாரிடமோ போய், யாரோ நீலம் அடித்து, எங்கேயோ வேன்கார அம்மாவின் கைக்கு வந்திருக்கிறது. பிக்கப்பைத் தூக்கி அடியில் பார்த்தார். இரண்டு சுற்று, இடது பக்கம் மடிப்பு. முப்பது வருஷமாக ஒயர் முனையை வேறு எந்த மாதிரியும் அவர் மடித்ததில்லை. கைகாரன் என்று நான்கு பேர் முன்னால் அவர் புகழ்ந்தது தன்னைத்தான்.

ஒன்று அவருக்கு உடனே புரிந்தது. இது யாருக்கும் தெரியாது. கழுத்தைத் திரும்பப் பூட்டிவிட்டால் இன்னும் பதினாறு வருஷத்துக்கும் தெரியாது. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. மாத்தியிருக்கு என்றுதான் சொன்னார். யார் மாற்றினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து ரப்பரை எடுத்தார். பென்சில் குறிதான், நான்கு தேய்ப்பில் போய்விடும். ரப்பர் கையிலேயே இருந்தது. கண்ணை மூடி ஜெபம் செய்ய முயன்றார். இந்தத் தடவை இரண்டு கண்ணையும் மூடினார். வாசலில் சாவியோடு நின்ற அந்த வேன்கார அம்மாதான் கண்ணுக்குள் வந்து நின்றார், வேறு ஒன்றும் வரவில்லை.

டீயோடு வந்த மனைவி, பட்டப்பகலில் டார்ச் எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். பேட்டரி வீணாவதைப் பொறுக்காத மனிதர் ஆயிற்றே என்று எட்டிப் பார்த்தார். தன் தையல் எந்திரத்தில் இருக்கிற அதே வட்டம்.

"இது அந்த வேன்காரப் பொண்ணோடதுன்னு தான சொன்னீங்க?"

அவர் ரப்பர் இருந்த கையை மடக்கிக்கொண்டார்.

மனைவியின் கண் ரப்பருக்குப் போனது, அங்கிருந்து அலமாரி மேலிருந்த பிஸ்கட் டப்பாக்களுக்குப் போனது. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே இத்தனை வருஷம் அந்த அறைக்குள் வந்து போனவர், ஒரு நாளும் அவற்றைத் திறந்ததில்லை.

"கேட்டா சொல்லுவேன்னு சொல்லுவீங்கல்ல? இதோ, நான் கேக்கறேன். அந்த டப்பாவுல இருக்கறதெல்லாம் யாரோடது?"

அவர் சொன்னார். ஆரம்பத்திலிருந்து சொன்னார். டீ ஆடை கட்டிப்போகும்வரை சொன்னார். ஒவ்வொரு துணி மூட்டையாகப் பிரித்து, இது இன்னாரிடம் போன கிட்டாரில் இருந்தது என்று வரிசையாக வைத்தார். எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. மனைவி திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் ரப்பரை மட்டும் எடுத்து இழுப்பறையில் போட்டு மூடிவிட்டு, "எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அங்க நாலு பேரு நின்னாங்க" என்று சொல்லி, டீயைச் சுடவைக்க எடுத்துப் போனார்.

அந்த வாரம் சந்தையில் ஒரு காய்கறிக்காரரின் தராசு சற்றே எடை குறைவாகக் காட்டியது. வழக்கமாகக் கிடைக்கிற சாந்தமான உபதேசத்துக்காகக் காய்கறிக்காரர் தலை குனிந்து நின்றார். டார்ச் அண்ணன் எதுவும் சொல்லாமல் எந்திரத்தைத் திருத்திவிட்டு, பித்தளைக் கல்லை அந்த மனிதரிடமே நீட்டி, "நீங்களே வச்சுப் பாருங்க" என்றார். அவர் இதில் என்ன சூழ்ச்சி இருக்கிறதோ என்று பயந்து கல்லை வாங்கவே இல்லை.

சனிக்கிழமை கூடத்தில் எல்லோரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். கதவைப் பொறுப்பாளர் தன்னிடமிருந்த இன்னொரு சாவியால் திறந்திருந்தார். வேன்கார அம்மா கடைசியாக வந்தார். பை இல்லை. உட்காரவும் இல்லை. நேராக மேஜைக்குப் போய், சாவியை அதன்மேல் வைத்தார். மர மேஜையில் அது விழுந்த சத்தம் சின்னதுதான், ஆனாலும் எல்லோர் காதிலும் விழுந்தது. பொறுப்பாளர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை, டார்ச் அண்ணனைப் பார்த்தார்.

"தேடினீங்களா அண்ணே?"

"தேடினேன்ம்மா."

"இன்னும் ஏதாவது மாத்தியிருக்கா?" என்று கேட்டது பேக்கரிக்காரர். அவர் கழுத்தை நீட்டிக்கொண்டு மேஜைக்கு வந்துவிட்டார். சகோதரிகளும் வந்தார்கள். டார்ச் அண்ணன் அவர்கள் எல்லோரும் போன வாரம் நின்ற இடத்தில் வந்து நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு நீலக் கிட்டாரைக் குப்புற வைத்து ஸ்க்ரூக்களைக் கழற்ற ஆரம்பித்தார். எடைக்கல்லை மயிரிழை பிசகாமல் வைக்கிற கை அது. இன்று ஸ்க்ரூடிரைவர் இரண்டு தடவை வழுக்கி மரத்தில் கீறியது. நான்கும் வந்ததும் கழுத்தை எடுத்து ஓரமாக வைத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னத் துணி மூட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே கறுப்பாக ஒரு பிக்கப், அதில் கட்டிய சீட்டில் அவர் கையெழுத்தில் ஒரு வருஷம். அதைக் கிட்டாருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அந்தப் பள்ளத்துல ஒண்ணு எழுதியிருக்கும்மா" என்றார். "எல்லாருக்கும் கேக்கற மாதிரி நீங்க படிக்கணும்."

வேன்கார அம்மா நகரவில்லை. இதிலும் ஏதோ இருக்கிறது என்கிற பார்வை. அந்தப் பார்வையை டார்ச் அண்ணனுக்கு நன்றாகத் தெரியும், முப்பது வருஷமாகத் தன் கண்ணில் வைத்திருந்ததுதான். அவர் சட்டைப்பையில் கிளிப்போடு குத்தியிருந்த டார்ச்சை எடுத்தார். பழக்கத்தில் கட்டைவிரல் பொத்தானுக்குப் போனது. அழுத்தவில்லை. அதை மேஜையில் சாவிக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் சேர்த்து அந்த அம்மாவின் பக்கம் நகர்த்தினார்.